தரிசு என்னும் சொல்லும் தரவை என்னும் நிலமும்
கொட்டியாரப் புல்வெளிகளின் மண்–தாவர உறவு பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலை பற்றி இதுகாறும் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை கடலை நோக்கியவை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் ஆகியோர் அவ்வியற்கைத் துறைமுகத்துக்காகப் பொருதிய வரலாறும், கோணேசர் கோயிலின் வரலாறும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அத்துறைமுகத்தின் தெற்கே விரியும் கொட்டியாரக் குடாவில், 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவந்த மகாவலி கங்கை கடலொடு கலக்கின்றது. அதன் ஒரு கிளை தெற்கே பிரிந்து வெருகலாறாகக் கடலை அடைகின்றது. இவ்விரு கழிமுகங்களுக்கும் இடையிலும், அவற்றிலிருந்து மேற்கே சோமாவதி வரையிலும் பரந்து கிடக்கும் புல்வெளிகள் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

கிழக்கிலங்கைத் தமிழர் பேச்சில் இத்தகைய நிலங்களுக்குப் பெயர்கள் உண்டு. மாரியில் ஈரம் தங்கிக் கோடையிற் புல் பரந்து கிடக்கும் திறந்த வெளி தரவை எனப்படும். ஆற்று வெள்ளம் புகுந்து தேங்கி மெல்ல வற்றும் ஆழமற்ற பள்ளம் வில்லு எனப்படும். ஆனால், காணி நிருவாகத்தின் மொழியில் இவ்வேறுபாடுகள் யாவும் மறைந்து ஒரே சொல் எஞ்சுகின்றது: தரிசு. உழப்படாததும் விதைக்கப்படாததுமான நிலம், ஆகவே பயனற்ற நிலம் என்பது அச்சொல்லின் உட்கிடை.

இந்நிலம் உண்மையில் வெறுமையானதா? அங்கு வளரும் புற்களும் பூண்டுகளும் தாமாகவே வந்து சேர்ந்தவையா? அன்றி, அவற்றின் பன்மைக்குப் பின்னால் மண்ணும் தாவரமும் விலங்கும் மனிதரும் ஒருவரையொருவர் ஆக்கி வந்த ஒரு வரலாறு உண்டா? இவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வாளர் மண்ணியலுட் புகுவது முறையோ எனச் சிலர் ஐயுறக்கூடும். நிலத்தையும் அதன் உயிர்ப்பொருள்களையும் கவிதைக் கோட்பாட்டின் அடித்தளமாகக் கொண்ட ஒரு மரபைக் கற்பிப்போர், நிலம் பற்றிய இற்றைநாள் அறிவைப் புறக்கணித்தல் இயலாது என்பதே எமது விடை.

முதலும் கருவும்

தமிழ்ப் பொருளிலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. மரம், புள், விலங்கு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. புல்வெளி முல்லைத் திணைக்கு உரியது. ஆநிரையும் மேய்ச்சலும் அதன் தொழிற்புலம். நிலத்தின் இயல்பையும் அங்கு வாழ்வனவற்றையும் தொடர்புபடுத்தி நோக்கிய இப்பாகுபாடு அதன் காலத்துக்குப் பெருஞ்சாதனையே. வன்புலம், மென்புலம் எனச் சங்கப் பாடல்களில் வழங்கும் சொற்களும் மண்ணின் தன்மையை உழைப்பின் கண்கொண்டு அறிந்த சமுதாயத்தின் சொற்களே.

எனினும், இப்பாகுபாட்டில் ஒரு திசை மட்டுமே வெளிப்படையாகக் கூறப்படுகின்றது. நிலம் முன்னது, உயிர் அதன்கண் தோன்றுவது. முதற்பொருள் கருப்பொருளை ஆக்குகின்றது. கருப்பொருள் முதற்பொருளைத் திரும்ப ஆக்குமா என்ற வினா அங்கு எழவில்லை. கடந்த ஒன்றரை நூற்றாண்டு மண்ணியலும் சூழலியலும் கண்ட பேருண்மை, ஆக்கும் என்பதேயாகும்.

மண் ஒரு கொள்கலம் அன்று

1840 இல் வெளிவந்த நூலில் ஜேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக், தாவரம் மண்ணிலிருந்து கனிப்பொருட் சத்துகளை எடுக்கின்றது என்பதையும், எடுத்தது மீளாவிடின் மண் வறுமையுறும் என்பதையும் நிறுவினார். கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தை (1867) எழுதுகையில் லீபிக்கைக் கூர்ந்து கற்றார். கிராமத்தின் விளைவு நகரத்துக்குச் சென்று, கழிவாகக்கூட நிலத்துக்குத் திரும்பாமையால் மனிதருக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட்பரிமாற்றம் அறுபடுகின்றது என அவர் காட்டியமை பலரும் அறிந்தது.

ஆயினும், லீபிக்கின் இரசாயன நோக்கில் மண் பெரும்பாலும் ஒரு களஞ்சியமாகவே நின்றது. எடுப்பதும் இடுவதுமே அங்கு கணக்கு. இந்நோக்கை விரிவாக்கியவர் உருசிய அறிஞர் தொக்குச்சாயெவ். உருசியப் புல்வெளிகளின் கருமண் பற்றி 1883 இல் அவர் வெளியிட்ட ஆய்வு, தாய்ப்பாறை, காலநிலை, நிலவமைப்பு, உயிரினங்கள், காலம் ஆகியவற்றின் கூட்டுவிளைவே மண் என்றது. மண் ஒரு வரலாற்றுப் பொருள் என்ற கருத்து இங்கேதான் உறுதிபெற்றது. இதற்கு ஈராண்டுகள் முன்னர், 1881 இல், சார்ள்ஸ் டார்வின் மண்புழுக்கள் பற்றிய தமது இறுதி நூலில், மேல்மண் முழுவதும் மீண்டும் மீண்டும் புழுக்களின் உடலினூடாகச் சென்று வந்தது எனக் காட்டியிருந்தார்.

புல்வெளிக்கு இவ்வுண்மை சிறப்பாகப் பொருந்தும். காட்டு மரத்தின் உடற்பொருளிற் பெரும்பகுதி நிலத்துக்கு மேலே உள்ளது. புல்லிலோ கணிசமான பகுதி நிலத்துக்குக் கீழே வேராக உள்ளது. அவ்வேர்கள் இறந்து உக்குவதால் மண்ணில் உக்கல் சேர்கின்றது. வேர் கசியும் வெல்லங்களையும் அமிலங்களையும் உண்டு பற்றீரியாவும் பங்கசும் பெருகுகின்றன. அவை சுரக்கும் பசைப்பொருள் மண்துணிக்கைகளைச் சிறு கட்டிகளாகப் பிணைக்கின்றது. அக்கட்டிகளின் இடைவெளியிலேயே நீரும் காற்றும் தங்குகின்றன. எனவே, புல் தான் நிற்கும் மண்ணைத் தானே கட்டுகின்றது எனக் கூறுதல் மிகையன்று.

வில்லின் ஆண்டு வட்டம்

திருகோணமலை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலமாகிய ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் வந்துவிடும். எஞ்சிய காலம் நீண்ட வறட்சி. மேட்டு நிலத்திற் செங்கபில மண்ணும், ஆற்றுச் சமவெளியில் வண்டலும், தாழ்ந்த சில இடங்களிற் சோடியம் மிக்க உவர்மண்ணும், கரையோரத்தில் மணலும் உள்ளன. ஒருவர் ஒரே நாளில் நடந்து கடக்கக்கூடிய தூரத்துள் இத்தனை மண்வகைகள் இருத்தல் தாவர வேற்றுமைக்கு முதற்காரணம். ஆனால் அது முதற்காரணம் மட்டுமே.

மாரியில் வில்லு நிறையும்போது மண்ணின் துளைகளில் இருந்த காற்றை நீர் வெளியேற்றுகின்றது. எஞ்சிய ஒட்சிசனை நுண்ணுயிர்கள் விரைவில் உண்டு தீர்க்கின்றன. அதன்பின் அவை நைத்திரேற்றையும், பின்னர் மங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஒட்சைட்டுகளையும் பயன்படுத்தத் தொடங்கும். நைத்திரேற்று வாயுவாகி வெளியேறுவதால் மண் நைதரசனை இழக்கின்றது. இரும்போடு பிணைந்திருந்த பொசுபரசு விடுபடுவதால் அது வேருக்கு எட்டுகின்றது. மேட்டுநிலத் தாவரம் இச்சூழலில் மூச்சுத் திணறி மடியும். நீர்நிலத்துப் புற்களும் கோரைகளுமோ தம் தண்டினுள் உள்ள காற்றறைகளின் வழியே ஒட்சிசனை வேருக்கு அனுப்புகின்றன. அவ்வொட்சிசனில் ஒரு பகுதி வேரிலிருந்து கசிந்து சூழவுள்ள சேற்றை மாற்றுகின்றது. சதுப்பு நிலப் புல்லைப் பிடுங்கிப் பார்ப்போர் அதன் வேரிற் செந்நிறத் துருப் படிந்திருத்தலைக் காணலாம். தாவரம் மண்ணின்மீது இட்ட கையொப்பம் அது.

மாசி, பங்குனியில் நீர் வற்றத் தொடங்கும். நடுவில் நீர் நிற்கும் இடத்தில் மிதக்கும் தாவரங்களும், அதைச் சூழக் கோரைகளும், விளிம்பிற் படரும் புற்களுமாக வளைய வளையமாகத் தாவரங்கள் அமைகின்றன. நீர் பின்வாங்குந்தோறும் வளையங்களும் உள்நோக்கி நகர்கின்றன. ஒட்சிசன் மீண்டும் புகுந்ததும், மாரியில் உக்காது தேங்கிய சேதனப்பொருள் விரைந்து சிதைந்து சத்துகளை விடுவிக்கின்றது. சுற்றுப்புறம் கருகிக் கிடக்கும் கோடையில் வில்லின் விளிம்பு பசுமையாக இருப்பதன் மருமம் இதுவே. எருமையும் மாடும் யானையும் அங்கு கூடுகின்றன. அவை மேய்ந்த புல் சாணமாக வேறோரிடத்தில் விழுகின்றது. குளம்பு பதிந்த குழியில் ஒருவகைப் பூண்டும், சாணம் விழுந்த இடத்தில் இன்னொரு வகையும் முளைக்கின்றன. ஆண்டுதோறும் வெள்ளம் பழைய நிலையைக் குலைத்துப் புதிய நிலையைத் தோற்றுவிப்பதால் எந்த ஓர் இனமும் முழுவதையும் கைப்பற்ற நேரம் கிடைப்பதில்லை.

பன்மை நிலைப்பதற்கான காரணம்

இவ்விடத்தில் ஒரு கோட்பாட்டு வினா எழுகின்றது. ஒரே வெயிலுக்கும் நீருக்கும் சத்துக்கும் போட்டியிடும் பல இனங்களுள் வலிமையுடைய ஒன்று ஏனையவற்றை ஏன் அழித்துவிடவில்லை? வெள்ளமும் மேய்ச்சலும் ஒரு பகுதி விடையே. மற்றப் பகுதி மண்ணுள் உள்ளது.

இதனை விளக்கக் கரையோர மணற்றிடல் ஒன்றைக் கருதலாம். நிலாவெளி முதலிய கரைகளில் இராவணன் மீசை எனப்படும் கூர்ம்புல்லும் அடம்பன் கொடியும் மணலைப் பிணைத்து நிறுத்துகின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது எம்மவர் பழமொழி. அவை மணலைப் பிடிக்கின்றன. அவற்றின் சருகு உக்கிச் சத்துச் சேர்கின்றது. அவ்வாறு பதப்பட்ட மணலில் வேறு இனங்கள் குடியேறுகின்றன. நெதர்லாந்தின் மணற்றிடல்களில் வளரும் இன்னொரு புல்லைக்கொண்டு வன் டேர் பூற்றனும் அவர்தம் குழுவினரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தை வெளிப்படுத்திற்று. முன்னோடிப் புல்லின் வேரைத் தாக்கும் பங்கசுகளும் நூற்புழுக்களும் அப்புல் நின்ற மணலில் நாளடைவிற் பெருகி, அதனையே நலியச் செய்கின்றன. பின்வரும் இனங்களை அவை அத்துணை தாக்குவதில்லை. தன்னை வளர்த்த மண்ணைத் தனக்கே பகையாக மாற்றிவிட்டு முன்னோடி விலகுகின்றது.

இத்தகைய எதிர்ப் பின்னூட்டலே பன்மையின் காவலன் என்பதை அமெரிக்கச் சூழலியலாளர் ஜேம்ஸ் பெவர் 1990களில் கோட்பாடாக வகுத்தார். ஓரினம் ஓரிடத்தில் மிகுந்தால் அதற்குரிய நோய்க்கிருமிகளும் அங்கு மிகும்; அதனால் அது தளரும்; அரிதான இனம் இடம்பெறும். பின்னூட்டல் நேராக அமைந்தால் விளைவும் தலைகீழாகும். கனடாவில் கிளிரோனோமொஸ் செய்து 2002 இல் வெளியிட்ட பரிசோதனைகளில், அரிதான புல்வெளி இனங்கள் தம் சொந்த மண்ணில் நலிந்தன. பிற நாடுகளிலிருந்து வந்து பரவிய இனங்கள் அவ்வாறு நலியவில்லை. பழம்பகைவரைத் தாயகத்தில் விட்டுவந்தமை அவற்றின் வெற்றிக்கு ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது. பிரித்தானியர் ஆட்சியிற் கால்நடைத் தீவனமாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கக் கினிப்புல் எமது உலர்வலயத்தில் வேறெதற்கும் இடமளியாது அடர்ந்து நிற்பதை விளங்கிக்கொள்வதற்கும் இது வழிகாட்டும்.

பகை மட்டுமே மண்ணுள் இல்லை, கூட்டுறவும் உண்டு. 1885 இல் பிராங்க் பெயரிட்டு விளக்கிய வேர்ப்பங்கசு, நிலத்தாவரங்களிற் பெரும்பான்மையின் வேரோடு இணைந்து வாழ்கின்றது. தாவரம் வெல்லம் கொடுக்கின்றது. பங்கசு தன் நுண்ணிழைகளால் வேர் எட்டாத இடத்திலிருந்து பொசுபரசைக் கொணர்கின்றது. வேர்ப்பங்கசு இனங்கள் பலவாயின் புல்வெளியின் தாவர இனங்களும் பலவாகும் என 1998 இல் வெளியான பரிசோதனைகள் காட்டின. 1880களில் எல்றீகல் கண்டறிந்தவாறு, அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாக்கள் வளிமண்டல நைதரசனைப் பதிக்கின்றன. எமது தரவைகளிற் புல்லோடு புல்லாகக் கிடக்கும் சிறுபுள்ளடி இவ்வகையினது. வெள்ளம் பறித்த நைதரசனில் ஒரு பகுதியை இத்தகைய பூண்டுகளே மீட்டுத் தருகின்றன. காலில் மிதிபடும் அப்பூண்டை அகற்றிவிட்டால் அயலிலுள்ள புல்லும் வறுமையுறும்.

அப்படியாயின், நைதரசனை நாமே உரமாக இட்டால் என்ன? இதற்கு விடையளிக்கும் மிக நீண்ட பரிசோதனை இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட்டில், ஒரு புல்வெளியில், 1856 இல் தொடங்கி இன்றும் நடைபெறுகின்றது. உரமிடாத துண்டுகளில் ஏறத்தாழ 40 தாவர இனங்கள் உள்ளன. அமோனியம் சல்பேற்று இட்டதால் அமிலமாகிய துண்டுகளில் ஓரிரண்டு இனங்களே எஞ்சியுள்ளன. சத்து மிகும்போது உயர்ந்து வளரும் ஓரிரு புற்கள் வெயிலைத் தடுத்து ஏனையவற்றைக் கொல்கின்றன. அமிலத் தன்மை மற்றவற்றை வடிகட்டுகின்றது. விளைச்சலின் அளவு கூடுவதும் உயிரினப் பன்மை குறைவதும் ஒருங்கே நிகழக்கூடும் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

மேய்ப்பும் உடைமையும்

இப்புல்வெளிகளை மனிதக் கை தீண்டாத இயற்கை எனக் கொள்வது இன்னொரு மயக்கம். மூதூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று, வெருகல் முதலிய ஊர்களின் கால்நடைகள் வயலில் நெல் நிற்கும் காலத்தில் தரவைக்கும் காட்டோரத்துக்கும் ஒதுக்கப்படுவதும், அறுவடையின் பின் வயலுக்குத் திரும்புவதும் வேளாண்மையின் ஒழுங்கோடு இணைந்தவை. மாடு உயர்ந்த புல்லைக் கடித்துக் குறைப்பதால் தாழ்ந்து படரும் அறுகும் புள்ளடியும் வெயில் பெறுகின்றன. வளரும் நுனி நிலத்தோடு ஒட்டியிருப்பதால் அறுகு கடிக்கு அஞ்சுவதில்லை. மேய்ச்சல் அறவே நின்றாற் சில ஆண்டுகளிற் புதரும் முட்செடியும் ஏறும். மேய்ச்சல் அளவு கடந்தால் மண் இறுகி, நீர் உட்புகாது, மாடு தின்னாத பூண்டுகளே எஞ்சும். பன்மை இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. அவ்விடைநிலையைப் பேணுவது மேய்ப்பவரின் அனுபவ அறிவு.

ஆனால், முல்லைத் திணையின் இனிய சித்திரத்தை இங்கு ஒட்டவைத்தல் கூடாது. பட்டியை உடையவரும் பட்டியை மேய்ப்பவரும் பல இடங்களில் ஒருவரல்லர். பலநூறு மாடு உடையவருக்கும் நாலைந்து மாடு உடையவருக்கும் பொதுத்தரையின் மீதுள்ள தங்குதலும் ஒன்றன்று. முன்னவர் தரவை இழந்தால் வேறு முதலீடு தேடுவார். பின்னவர் மாட்டை விற்பார்.

தரிசு என்ற சொல்லின் தொழில்

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் யாவற்றையும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன எனக் கொண்டது. 1897 ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டம் இப்போக்கை மேலும் இறுக்கிற்று. பெருந்தோட்ட மூலதனத்துக்கு நிலம் தேடிய அரசின் சட்டங்கள் இவை. உலர்வலயத்தில் தோட்டங்கள் எழாதபோதும் சட்டத்தின் சொல் இங்கும் ஆண்டது. உழவு மட்டுமே உழைப்பு. விதைப்பு மட்டுமே பயன் என்ற வரையறையில் மேய்ச்சல் உழைப்பாகவோ, தரவை அவ்வுழைப்பின் கருவியாகவோ எண்ணப்படவில்லை. சுதந்திரத்தின் பின்னரும் அச்சொல் மாறவில்லை. குடியேற்றத் திட்டம், நெற்செய்கை விரிவு, தொழிற்பேட்டை, மரநடுகை எனத் தேவை எதுவாயினும் கோப்பில் முதலில் எழுதப்படுவது தரிசு என்பதே.

ஆற்றின் கதையும் வேறன்று. பொல்கொல்லைத் திசைதிருப்பல் 1976 இல் நிறைவுற்றது. 1977 இன் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின்கீழ் விக்ரோறியா, கொத்மலை, ரந்தெனிகலை ஆகிய பெருந்தேக்கங்கள் 1980களில் எழுந்தன. அவற்றால் மின்சாரமும் பாசனமும் கிடைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அணை வெள்ளத்தின் உச்சத்தைத் தணிக்கின்றது. வண்டலைத் தன்னுள் நிறுத்திக்கொள்கின்றது. வில்லு ஆண்டுதோறும் பெற்ற இரண்டும் இவையே. வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்கா 1984 இலும் சோமாவதித் தேசியப் பூங்கா 1986 இலும் பிரகடனப்படுத்தப்பட்டன. எல்லையிடப்பட்ட நிலம் காக்கப்பட்டது. அந்நிலத்தை ஆக்கிய வெள்ளமோ மேலே அணைகளின் ஆட்சிக்கு உட்பட்டது. நீர் தேங்கி நிற்கும் இடங்களில், தென்னமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்த ஆற்றுவாழை, மேலிருந்து வரும் வயல்வடிநீரின் உரச்சத்தை உண்டு செழிக்கின்றது.

2006 ஆம் ஆண்டு மாவிலாற்றின் மதகைச் சுற்றிப் போர் மீண்டும் வெடித்தபோது மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களிற் பலர் தம் காணிகளுக்கு மீள்வதற்கு 2015 வரை காத்திருந்தனர். வீட்டையும் தோட்டத்தையும் இழந்தமைக்குக் கணக்கு உண்டு. உறுதிப்பத்திரம் இல்லாத பொது மேய்ச்சற்றரையை இழந்தமைக்கு யாரிடம் கணக்குக் கேட்பது? மேய்ப்பார் இன்றிப் புதரேறிய தரையைப் பார்த்து, இது எவரும் பயன்படுத்தாத நிலம் எனக் கூறுவது எளிது. இடம்பெயர்த்தல் தரிசை உண்டாக்குகின்றது. தரிசு என்ற சொல் பின்னர் அவ்விடம்பெயர்த்தலை நியாயப்படுத்துகின்றது.

மண்ணின் வரலாற்றை ஆணையால் மாற்றலாம் என்ற எண்ணத்தின் விளைவை அண்மையிலும் கண்டோம். இரசாயன உர இறக்குமதித் தடை 2021 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டு, விளைச்சல் வீழ்ச்சியின் நடுவே நவம்பரிற் கைவிடப்பட்டது. பல தசாப்தங்களாக உரத்துக்குப் பழக்கப்பட்ட மண்ணில், நுண்ணுயிர்களும் உக்கலும் ஒரு போகத்துள் மீளமாட்டா. மண் மாற்றத்தக்கதே, ஆனால் அதற்குரிய காலத்திலும் அதற்குரிய வழியிலுமே.

முடிவாக

நிலம் உயிரை ஆக்குகின்றது. உயிர் நிலத்தை ஆக்குகின்றது. மனித உழைப்பு இவ்விரண்டின் உறவினுள் நின்று செயற்படுகின்றது. இதனை இயங்கியல் எனப் பெயரிட்டு அமைதல் போதாது. வில்லின் சேற்றிலும் புல்லின் வேரிலும் அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை இடத்துக்கிடம் ஆராய்ந்தறிதல் வேண்டும். திருகோணமலையின் தரவைகளையும் வில்லுகளையும் அவற்றின் ஊர்ப்பெயரோடும், மண்வகையோடும், புல்வகையோடும், மேய்ச்சலுரிமையோடும் பதிவுசெய்தல் முதற்பணியாகும். இது தாவரவியலாளர் மட்டும் செய்யக்கூடியதன்று. எந்தப் புல்லை எருமை எப்போது தின்னும், எந்தப் பள்ளம் எந்த மாதத்தில் வற்றும், எது எவர் பட்டியின் வழி என்பவற்றை அறிந்த முதியோர் இன்னும் உள்ளனர். அவர்தம் சொற்களைத் திரட்டுதல் தமிழ் மாணவரின் பணி. பொது மேய்ச்சற்றரைகளுக்கு எல்லையும் சட்டக் காப்பும் கோருவோருக்கு அத்தகைய பதிவு சான்றாகும். தரிசு என்று கோப்பில் எழுதப்படும் முன், அந்நிலத்துக்கு ஒரு பெயரும் ஒரு வரலாறும் உண்டு என எடுத்துக் காட்ட அதுவே துணைசெய்யும்.